இருபதாயிரம் தடவை

லாயாங் லாயாங்
9 ஜூன் 2025

திரு. தங்கராஜு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. உங்கள் எண்ணை என் கைப்பேசியில் அழைப்பு வராதபடி அடைத்து வைத்து ஏழு மாதம் ஆகிறது. திறக்க மனமில்லை. உங்கள் கம்பெனியின் சேவை எண்ணுக்கு நான்கு நாள் அடித்துப் பார்த்தேன், பாட்டு மட்டும்தான் கேட்டது. அதனால் உடைந்த லேப்டாப்போடு பெட்டிக்குள் இந்தக் காகிதத்தையும் வைத்து, மேலே உங்கள் பெயரை எழுதிக் கூரியரில் போடுகிறேன்.

உள்ளே இருப்பது உங்கள் கம்பெனியின் செரிண்டிட் லேப்டாப். விலை எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது மலேசிய வெள்ளி. செம்பனை ஆலையில் வேலை செய்யும் தனலெட்சுமி தன் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கியது. இடது கீல் பிளந்து, திரை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. இது ஐந்தாவது. என் போட்டோஸ்டேட் கடை வழியாக இந்த ஊரில் இருபத்து மூன்று குடும்பங்கள் வாங்கியிருக்கின்றன. மீதிப் பதினெட்டு எப்போது உடையும் என்று நான் கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் வாங்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே, புது லேப்டாப் வருகிறது, நான்தான் சோதிக்கிறேன், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது போதும் என்றீர்கள். பக்கத்தில் இருந்த என் தங்கச்சி தேன்மொழி, "இவரு பாஸ்னு சொன்னா பாஸ்தான்கா, வீட்டுல குழம்புக்கே மார்க் போடுறவரு" என்றாள். அந்த ஒரு பேச்சை வைத்து நான் ஊரெல்லாம் சொன்னேன்.

லேப்டாப்போடு நிற்கவில்லை. பிப்ரவரியில் வெளியீடு நடந்த வாரம் கம்பெனியின் பங்கும் வாங்கினேன். ஏறியது. பேப்பரில் எல்லாம் மலிவு விலைப் புரட்சி என்று எழுதினார்கள். மே மாதம் ஒருவன் வீடியோவில் மூடியைத் திறந்து உடைத்துக் காட்டினான். பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது. அது என் தலையெழுத்து, விடுங்கள். ஆனால் சேவை மையம் இந்த ஐந்து பேருக்கும் ஒரே பதில் அனுப்பியிருக்கிறது: தவறான பயன்பாடு, வாரண்டி கிடையாது.

தனலெட்சுமி என்னைத்தான் கேட்கிறார். நான் உங்களைக் கேட்கிறேன்.

மலர்

*

மாசாய்
16 ஜூன் 2025

அக்கா,

பெட்டி வியாழக்கிழமை கிடைத்தது. திரும்பி வரும் லேப்டாப்புகள் அதிகமாகிவிட்டதால் சோதனைக்கூடத்தில் இருந்த எங்கள் எல்லோரையும் பழுது பார்க்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். என் பெயர் இருந்ததால் அது நேராக என்னிடம் வந்தது.

கீலைத் தாங்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் இறங்குகின்றன. அந்த இடம் பிளந்திருக்கிறது. உள்ளே சிறிய உலோகத் தகடு வைத்து, பசை போட்டு, இறுக்கியிருக்கிறேன். பசை காய நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுத்தேன். இந்த வேலை பதிவில் இல்லை. பதிவு செய்தால் நிராகரித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

தயவுசெய்து எல்லோரிடமும் சொல்லுங்கள்: மூடியை நடுவில் பிடித்து, இரண்டு கையாலும் திறக்க வேண்டும். மூலையைப் பிடித்துத் திறக்கக் கூடாது. கம்பெனியின் வழிகாட்டுதலும் அதுதான்.

ஒரு நாளைக்கு அறுபது பெட்டி வருகிறது. பல பெட்டிகளில் காகிதம் இருக்கிறது. ஸ்கூடாயில் படிக்கும் ஒரு மாணவர் மூடியின் மேலேயே மார்க்கரால் திட்டி எழுதி அனுப்பியிருந்தார். துடைத்தேன், போகவில்லை. பங்குதாரர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழுவில் நடப்பதை உடன் வேலை செய்பவர்கள் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசிக்கிறார்கள். வாங்கியவர்களுக்குத் திறக்கத் தெரியவில்லை என்று அங்கே ஒரு கூட்டம். வாங்கியவர்கள் எழுதும் பக்கத்தில் கம்பெனி திருடர்கள் என்று ஒரு கூட்டம்.

மற்ற நான்கையும் அனுப்புங்கள். பார்க்கிறேன்.

தங்கராஜு

*

லாயாங் லாயாங்
27 ஜூன் 2025

திரு. தங்கராஜு,

பசையா?

நீங்கள் பசை போட்டு அனுப்பியது பத்து நாள்கூட ஓடவில்லை. நேற்று தனலெட்சுமி ஆலை வேலை முடிந்து, சீருடையோடு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி கடைக்கு வந்தார். இந்த முறை வலது பக்கம். பெரியவளுக்கு நவம்பரில் எஸ்.பி.எம். பரீட்சை. பயிற்சித் தாளெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடையில் இருந்த நாலு பேர் முன்னால் அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டு கையாலதான் தொறந்தோம் மலரு, சாமிக்குக் கற்பூரத் தட்டு தூக்குற மாதிரி தொறந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? நடுவில் பிடித்தீர்களா என்று அளந்து பார்க்கவா?

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர் எழுந்தால் ஒருவர் உட்காருகிறார். திறப்பதும் மூடுவதும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நடக்கும். எங்கள் ஊரில் ஆளுக்கொரு லேப்டாப் யாருக்கு இருக்கிறது? இது ஏழை வீட்டுக்கென்று செய்தது என்றீர்கள். ஏழை வீட்டில் ஒரு சாமான் எப்படிப் புழங்கும் என்று யாரும் யோசிக்கவில்லையா?

என் வீட்டுக்காரர் வேலு, பங்கு விலையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வாசித்துக் காட்டுகிறார், வானிலை அறிக்கை மாதிரி. ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது, இன்றைக்கு நாற்பத்தாறு காசு. கம்பெனி சரியாகிவிடும், பழுது என்று நிரூபிக்க யாராலும் முடியாது, வைத்திரு என்கிறார். அதாவது தனலெட்சுமி தோற்றால் நான் ஜெயிப்பேன். இப்படி ஒரு கேவலமான இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

லேப்டாப்போடு வந்த அட்டையில், இருபதாயிரம் தடவை திறந்து மூடிச் சோதித்தது என்று அச்சடித்திருக்கிறது. நாளுக்கு நாற்பது என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் வர வேண்டும். நான்கு மாதத்தில் எப்படி உடையும்? எனக்கு எஞ்சினியர் பேச்சு வேண்டாம். சோதித்தீர்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

மலர்

*

மாசாய்
8 ஜூலை 2025

அக்கா,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். ஆனாலும் மீதியையும் எழுதுகிறேன்.

தேன்மொழியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். நீங்கள் வாசலில் நின்று, "காரியச் சோறு செமிக்கிறதுக்குள்ள வேலைக்குப் போற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை. அதை அப்போது சொல்லத் தெரியவில்லை.

டிசம்பர் முதல் வாரம் கீல் சோதனை. ஒரு இயந்திரக் கை மூடியைத் திறந்து மூடும். காற்றழுத்தத்தில் ஓடுவது. திறக்கும்போது ஒரு சீறல், மூடும்போது நீளமாக ஒரு மூச்சு, நடுவில் ஒரு சொடுக்கு. நிமிடத்துக்குப் பதினாறு தடவை. அந்த வேகத்தை நான் வைக்கவில்லை, அது எப்போதும் இருக்கும் வேகம். ஐ.சி.யூவில் தேன்மொழிக்கு வைத்திருந்த இயந்திரத்தின் திரையிலும் பதினாறு என்றுதான் இருந்தது. அதே சீறல், அதே மூச்சு.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டினேன். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு அடங்குகிற சத்தம் இல்லை. பிறகு என் நெஞ்சும் அதே வேகத்தில் மூச்சு விட ஆரம்பித்தது. ஒன்றரை மணிக்கு இயந்திரத்தை நிறுத்தினேன். எண்ணி 4,312. அந்த அமைதியில் தாளை நிரப்பினேன். 20,000. விரிசல் இல்லை. தேர்ச்சி. கையெழுத்து.

மறுநாள் மீதியை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஓட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஓட்டவில்லை. வெளியீட்டுத் தேதி குறித்துவிட்டார்கள். மேலாளர் கனகசுந்தரம் என் கையெழுத்துக்குக் கீழே பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். என் மேல் அவருக்கு இரக்கம்.

போன வாரம் அதே மாதிரி மூன்று லேப்டாப்பை எடுத்து, அறைக்கு வெளியே நின்றுகொண்டு, முழுவதும் ஓட்டினேன். ஐயாயிரம் ஆவதற்குள் மூன்றும் பிளந்துவிட்டன. இன்னும் முக்கால் மணி நேரம் நான் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

தெரியாமல் செய்த தப்பு என்று எழுத மாட்டேன். தெரிந்துதான் எழுதினேன் அந்த எண்ணை.

தங்கராஜு

*

லாயாங் லாயாங்
21 ஜூலை 2025

ராஜு,

கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

உன் மேல் பரிதாபம் வருகிறது. வந்தவுடன் கோபமும் வருகிறது. அந்தச் சத்தத்தை நீ நாள் கணக்கில் கேட்டாய். எனக்கு அதையும் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை. டிங்கி காய்ச்சல் என்று சேர்த்த நாளிலிருந்து காலையில் உன் செய்தி வரும். ஸ்டேபிள். ரத்தத் தட்டணு இத்தனை. அழுத்தம் இத்தனை. நான் வரட்டுமா என்று கேட்டால், வேண்டாம், பார்க்க விடமாட்டார்கள், எண்களெல்லாம் நன்றாக இருக்கின்றன என்பாய். ஒன்றேகால் மணி நேரக் கார் பயணம் ராஜு. கடல் தாண்டியா இருந்தேன்? ஒன்பதாம் நாள் கூப்பிட்டாய். நான் வந்து சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள்.

அங்கேயும் தேர்ச்சி. இங்கேயும் தேர்ச்சி. உன் கையில் எழுதுகோல் இருந்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

இதை என்னிடம் சொல்லி முடித்துவிட்டதாக நினைக்காதே. நான் யார்? இருபத்து மூன்று பேருக்கு உன் பேச்சைக் கொண்டு போய்ச் சேர்த்தவள். எட்டு உடைந்துவிட்டன இப்போது. தவறான பயன்பாடு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் பதில் வந்திருக்கிறது. தனலெட்சுமி பெரியவளை அடித்திருக்கிறார், நீதான் முரட்டுத்தனமாகத் திறந்தாய் என்று. அந்த அடிக்கு யார் பொறுப்பு? கம்பெனியில் சொல். எழுத்தில் சொல்.

என் பங்கைப் பற்றி யோசித்துத் தயங்காதே. விற்றுவிடலாம் என்று வேலு நேற்று மனம் மாறினார். உன் கடிதத்தை அவருக்குக் காட்டவில்லை. நான் விற்க மாட்டேன். இது தெரிந்த பிறகு விற்றால் அதை வாங்குகிறவன் தலையில் நான் கட்டுகிறேன் என்று அர்த்தம். பொய்யை ஒரு முறை தெரியாமல் விற்றேன். தெரிந்து விற்க முடியாது.

மலர்

*

மாசாய்
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

கனகசுந்தரம் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் பேசினார். தேன்மொழி தவறியபோது பதினாறு நாளும் அவர் வீட்டில் இருந்துதான் எனக்குச் சாப்பாடு வந்தது. அவர் பேசியதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "தம்பி, அடுத்த பேட்ச்சுல மெட்டல் போட்டுருவோம். பழைய பேப்பர ஏன் கிளறுறீங்க? அதுல உங்க சைன் மட்டும் இல்ல, என் சைனும் இருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷந்தான்." அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்.

திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எழுபத்தொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் தவறான பயன்பாடு என்ற முத்திரையைக் குத்தினேன். அதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்றுதான் நினைக்கிறேன். சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டலில் ஆண்டுப் பொதுக்கூட்டம். நீங்கள் பங்குதாரர். எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சோதனை இயந்திரத்தின் கணினியில் தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதன் அச்சை இதோடு வைத்திருக்கிறேன். 4,312 என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் இதைக் காட்டிக் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது.

தங்கராஜு

*

லாயாங் லாயாங்
9 ஆகஸ்ட் 2025

ராஜு,

உன் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். மடிப்புக்கூடக் கலையவில்லை, பார்த்துக்கொள்.

உன் வாய்க்கு நான் ஒருமுறை வாயாக இருந்தது போதும். இந்த ஊரில் பால் வாங்கப் போனாலும் யாராவது லேப்டாப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றால், நஷ்டப்பட்ட பொம்பளை கத்துகிறாள் என்பார்கள். உன் பெயரை நான் சொல்ல வேண்டும், நீ எங்கேயோ உட்கார்ந்து கேட்க வேண்டும், அதுதானே?

கனகசுந்தரம் நல்லவர். காரியத்தன்று வந்திருந்தார், எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு வருடம். தனலெட்சுமி மகளுக்குப் பரீட்சைக்கு மூன்று மாதம்.

நான் வரவில்லை.

மலர்

*

மாசாய்
22 ஆகஸ்ட் 2025

அக்கா,

கூட்டத்துக்கு முந்தைய நாள் கனகசுந்தரம் சாரிடம், நாளைக்கு நான் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புது மாடலை வைத்து விளக்கம் சொல்ல என்னையும் ஹோட்டலுக்கு அனுப்பியிருந்தார்கள். முன்னூறு பேர் இருக்கும். முதல் அரை மணி நேரம் வாசலில் கொடுத்த டோர் கிஃப்ட் பையைப் பற்றியே பேச்சு. போன வருஷம் குடை கொடுத்தீர்கள், இந்த வருஷம் வெறும் தண்ணீர் போத்தலா என்று ஒரு பெரியவர் மைக்கில் கேட்டார். குடையும் ஒரு மழைக்குத்தான் தாங்கியது என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பங்கு விலை. தலைவர் எழுந்து, தயாரிப்பில் குறை இல்லை, முழுமையாகச் சோதிக்கப்பட்டது, இருபதாயிரம் தடவை என்றார். வாங்கியவர்களுக்குப் பழக்கம் போதவில்லை என்றார்.

நான் மேசையை விட்டு நடந்து போய் மைக்குக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர். என் முறை வந்ததும், நான் பங்குதாரர் இல்லை, அந்தச் சோதனையைச் செய்தவன் என்று மலாயில் சொன்னேன். நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினேன், மீதியை நான் எழுதினேன் என்றேன். நீங்கள் திருப்பி அனுப்பிய காகிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். ஏன் நிறுத்தினேன் என்று அங்கே சொல்லவில்லை. அது அவர்களுக்கு வேண்டாம். ஒரு பெண்மணி மட்டும், என் ஓய்வூதியப் பணம் இதில் இருக்கிறது, நீ இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை நடக்கும். விற்ற எல்லாவற்றுக்கும் கீலை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். முத்திரை குத்தித் திருப்பியவற்றுக்கும் உண்டு. பங்கு இருபத்தெட்டு காசு. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தபோதுதான், இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதினால் நீங்கள் இனி எனக்கு எழுத மாட்டீர்கள் என்றும் தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் தேன்மொழிக்கு நல்ல நினைவு இருந்தது. உங்களை வரச் சொல்லச் சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பார்க்க விடமாட்டார்கள் என்று உங்களிடம் சொன்னது பொய். ஒருவர் வரலாம் என்று தாதி சொல்லியிருந்தார். உங்களை வரவழைத்தால் அது பெரிய நோய் என்று ஆகிவிடும், வரவழைக்காவிட்டால் சாதாரணக் காய்ச்சலாகவே இருக்கும் என்று நினைத்தேன். நான் படித்த படிப்புக்கு அப்படித்தான் நினைத்தேன். நான்காம் நாள் காலை குழாய் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

தங்கராஜு

*

லாயாங் லாயாங்
2 செப்டம்பர் 2025

ராஜு,

முதலில் கடைச் செய்தி. நேற்று கம்பெனி வேன் வந்து இருபத்து மூன்றையும் பெயர் எழுதி எடுத்துப் போயிருக்கிறது. மாற்று லேப்டாப் ஆறுதான் கொடுத்தார்கள். ஒன்றைத் தனலெட்சுமி வீட்டுக்குக் கேட்டு வாங்கினேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே நின்றார். பிறகு, "அந்தப் புள்ளைய நான் அடிச்சத எந்த வேன்ல ஏத்தி அனுப்புறது மலரு?" என்று கேட்டார். உன்னிடம் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. நானாக எழுதுகிறேன்.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. நீ என் தங்கச்சி வீட்டுக்காரன் என்றதும் நானும் கூட்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலு பங்கு விலையை வாசிப்பதை நிறுத்திவிட்டார். அது ஒரு நிம்மதி.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைக் கடையில் வைத்து வாசித்துவிட்டேன். அப்படியே கதவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். போட்டோஸ்டேட் எடுக்க வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தேன்மொழி என்னை வரச் சொல்லிக் கேட்காமலே போய்விட்டாள் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்கிறாள். உன்னை நான் மன்னிக்கவில்லை. அது வருமா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு இது எப்போதுமே தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தைக் கேட்டு வைத்திருக்கிறேன். இருபத்து மூன்று குடும்பத்துக்கும் சொல்லியாகிவிட்டது. வந்து நீயே சொல். ஏன் நிறுத்தினாய் என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும். திட்டுவார்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

முடிந்த பிறகு வீட்டுக்கு வா. வேலு மீன் வாங்கி வருவார். உனக்கு ஒரு வேலைதான் இருக்கிறது. என்னை வரச் சொல்லும்போது அவள் அக்கா என்றாளா, மலரு என்றாளா, படுத்திருந்தாளா, சாய்ந்து உட்கார்ந்திருந்தாளா, எந்தக் குரலில் சொன்னாள், எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டும். காகிதத்தில் வேண்டாம். ஞாபகம் இல்லாததை இல்லை என்று சொல்லிவிடு.

மலர்